தீட்டிய தானியமும் தேக சுகமும்

திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக வேலூர் செல்லும் பாதையில், நகரத்தை ஒட்டினாற்போல் அமைந்திருப்பது வேங்கிக்கால் என்னும் ஊர். ஜில்லா கலெக்டர் கச்சேரி இவ்வூரிலேயே இருப்பதால், சுற்றுப்புறக் கிராமங்களின் குடியானவர்கள் ஏதேனும் ஒரு காரியத்தை முன்னிட்டு இங்கு வந்து போவது வழக்கம். இதே பாதையில் போளூர் வரை சென்று, அங்கிருந்து ஜமுனாமரத்தூர் சாலையில் திரும்பினால் ஜவ்வாது மலையை அடையலாம். சமவெளியில் ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் நெல்லும் மணிலாக்கொட்டையும் விளைகின்றன. மலையில் மழையை மாத்திரம் நம்பிச் சாமை விளைகின்றது. ஆகவே நெல்லரிசி, சாமையரிசி ஆகிய இரண்டையும் நன்கறிந்த ஜில்லா இது. இவ்விரண்டு தானியங்களையும் எவ்வாறு குத்தி, எவ்வளவு உண்பது என்பதைப் பொறுத்தே தேக சுகம் பெரிதும் அமைகின்றதென்று அண்மைக்கால வைத்திய ஆராய்ச்சிகள் தெரிவிப்பதால், அவற்றின் முடிவுகளைக் குடியானவர்கள் அறிந்துகொள்வது அவசியமாகும்.

கிராமத்திலும் பரவிய நோய்

நீரிழிவு என்னும் மதுமேகம், நகரத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் செல்வர்களுக்கே உரிய வியாதி என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. இக்கருத்து இனிப் பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, 2008 முதல் 2020 வரை நாடு முழுவதிலும் 1,13,043 பேரைப் பரிசோதித்து, அதன் முடிவை 2023-ம் ஆண்டில் வெளியிட்டன. வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அதில் கண்டது. நாட்டின் ஜனத்தொகைக்கு இதைக் கணக்கிட்டால் 10 கோடியே 10 லட்சம் பேர் ஆகின்றனர். நகரவாசிகளில் நூற்றுக்கு 16.4 பேரும், கிராமவாசிகளில் நூற்றுக்கு 8.9 பேரும் இந்நோயுடையவர்கள். இன்னும் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. நோய் முற்றாமல் அதன் வாயிற்படியில் நிற்பவர்கள் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் இருக்கின்றனர். இவ்விஷயத்தில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் அநேகமாக வித்தியாசமே இல்லை.

இதன் காரணத்தை அறிய நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. வேங்கிக்கால் போன்ற ஓர் ஊரில் நிலம் வைத்துள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால், பாட்டனார் காலத்தில் கவலை பூட்டித் தண்ணீர் இறைத்தார்கள், ஏர் பிடித்து உழுதார்கள், களத்தில் தாளடித்தார்கள். காலையில் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ குடித்து, இரவு ஒருவேளை நெல்லுச்சோறு உண்டார்கள். பேரன் காலத்தில் மோட்டார் தண்ணீர் இறைக்கின்றது, டிராக்டர் உழுகின்றது, இயந்திரம் அறுவடை செய்கின்றது. காலையில் இட்டலியும் தோசையும், நடுப்பகலிலும் இரவிலும் சோறும் ஆகிவிட்டன. கூழ் என்பது ஆடி மாதத்தில் அம்மன் கோயிலில் வார்க்கும் அளவில் நின்றுவிட்டது. உழைப்புக் குறைந்தும் சோற்றின் அளவு குறையவில்லை. போதாததற்கு அந்தச் சோறும், மில்லில் வெண்மையாகத் தீட்டப்பட்ட அரிசியால் ஆக்கப்படுவதாயிற்று.

தவிட்டில் அடங்கிய சத்து

நெல்மணியின் அமைப்பை யாவரும் அறிவர். மேலே உமி, அதன் உள்ளே மெல்லிய தவிட்டுத் தோல், ஒரு முனையில் முளைக்கரு, நடுவில் மாப்பொருள் நிறைந்த வெள்ளைப் பகுதி. நூறு கிலோ நெல்லில் உமி சுமார் 20 கிலோவும், தவிடு சுமார் 8 கிலோவும் இருக்கும். உமி மனிதனுக்கு உணவாகாது. அதை நீக்கியே தீரவேண்டும். ஆனால் நார்ப்பொருள், தாது உப்புக்கள், பி-வகை உயிர்ச்சத்துக்கள், எண்ணெய்ப் பொருள் ஆகியவற்றில் பெரும்பகுதி தவிட்டிலும் முளைக்கருவிலுமே அடங்கியிருக்கின்றன. உரலில் குத்தியபோது உமி நீங்கித் தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு தங்கியது. மில்லில் தீட்டும்போது அதுவும் போய்விடுகின்றது. ஆகவே சத்துள்ள பகுதியை மாட்டுக்கு வைத்துவிட்டு, வெறும் மாவை வீட்டார் உண்கின்றனர்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2017-ம் ஆண்டில் வெளியிட்ட உணவுப் பகுப்பாய்வு அட்டவணையின்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ப்பொருள் சுமார் 2.8 கிராமும் புரதம் 7.9 கிராமும் உள்ளன. தவிடு நீங்காத அரிசியில் நார்ப்பொருள் 4.4 கிராமாகவும் புரதம் 9.2 கிராமாகவும் உயர்கின்றன. சாமையில் நார்ப்பொருள் 7.7 கிராம், புரதம் சுமார் 10 கிராம். கேழ்வரகில் நார்ப்பொருள் 11 கிராமுக்கு மேல். அன்றியும் எலும்பை உறுதிப்படுத்தும் சுண்ணாம்புச்சத்து 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் இருக்க, தீட்டிய அரிசியில் 8 மில்லிகிராம் கூட இல்லை.

குன்னூர் கற்பித்த பாடம்

தவிட்டை இழப்பதால் நோய் வரும் என்பது புதிதாகக் கண்ட உண்மையன்று. ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியை மாத்திரம் தின்ற கோழிகளுக்கு நரம்புத் தளர்ச்சி உண்டாவதையும், தவிடு கொடுத்தால் அது தீர்வதையும் 1890-க்குப் பிந்திய ஆண்டுகளில் கண்டறிந்தார். அதற்காக 1929-ல் நோபல் பரிசு பெற்றார். மனிதருக்கு வரும் பெரிபெரி நோயும் இவ்வகையைச் சேர்ந்ததே. நீலகிரியில் குன்னூரில் 1918-ல் ராபர்ட் மக்காரிசன் இந்நோயைக் குறித்து ஆராய்ச்சி தொடங்கினார். அந்த ஆராய்ச்சிச்சாலையே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிலையமாயிற்று.

பழைய சென்னை ராஜதானியில், தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அநேகமாக இல்லை. நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உட்புறத்துக்கு இறங்கிவிடுகின்றது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. காரணம் அறியாமலே முன்னோர் கைக்கொண்ட புழுக்கும் வழக்கம், ஒரு கொடிய நோயைத் தடுத்து நின்றது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. புழுக்குதல் உயிர்ச்சத்தைக் காக்குமேயன்றி, தீட்டும்போது நீங்கும் நார்ப்பொருளைக் காக்காது. ஆகையால் பெரிபெரிக்குக் காவலாயிருந்த புழுங்கலரிசியை, வெண்மையாகத் தீட்டி மிகுதியாக உண்டால் நீரிழிவுக்கும் அது காவலாகும் என்று எண்ணுவது தவறு.

மக்காரிசன் குன்னூரில் செய்த மற்றொரு சோதனையும் அறியத்தக்கது. இந்தியாவின் பல பகுதி ஜனங்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை ஆகியவை சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடை அடைந்தன. தீட்டிய அரிசி மிகுந்தும், பாலும் பருப்பும் குறைந்தும் இருந்த சென்னை ராஜதானி உணவை உண்டவை 155 கிராமே இருந்தன. இதைக் கொண்டு அரிசியே ஆகாது என்று முடிவு செய்தல் நியாயமன்று. அரிசியின் தவிடு போனது ஒரு குறை. அரிசியோடு சேரவேண்டிய பருப்பும் பாலும் கீரையும் போதாமற்போனது மற்றொரு குறை. இவ்விரண்டு குறைகளும் இன்றும் நீங்கவில்லை.

இக்கால ஆராய்ச்சிகள்

இருபத்தொரு நாடுகளில் 1,32,373 பேரைச் சராசரி ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2020-ல் வெளிவந்தது. தினந்தோறும் 450 கிராம் அல்லது அதற்கு மேற்பட்டு வெள்ளை அரிசிச் சோறு உண்பவர்களை, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களோடு ஒப்பிட்டார்கள். தெற்காசிய நாடுகளில், முன்னவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் சுமார் 60 சதவிகிதம் மிகுந்திருந்தது. மற்ற நாடுகளில் இவ்வளவு மிகுதி காணப்படவில்லை. 450 கிராம் சோறு என்பது ஏறக்குறைய ஓர் ஆழாக்கு அரிசியே என்பதை எண்ணிப் பார்த்தால், கிராமத்து இலையில் ஒரு வேளைக்கு விழும் சோறே அந்த அளவை எட்டிவிடுவது விளங்கும்.

சென்னையில் 2014-ல் வெளியிடப்பட்ட ஒரு சிறு சோதனையில், பருமனான தேகமுடைய 15 பேருக்கு வெள்ளை அரிசி, தவிடு நீங்காத அரிசி, பயறு சேர்ந்த தவிடு நீங்காத அரிசி ஆகிய மூன்று வகை உணவுகளும் வகைக்கு ஐந்து நாட்களாக மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. வெள்ளை அரிசி உண்டபோது இரத்தத்தில் சர்க்கரை ஏறிய அளவைவிட, தவிட்டோடு கூடிய அரிசி உண்டபோது சுமார் 20 சதவிகிதமும், அதனுடன் பயறும் சேர்ந்தபோது சுமார் 23 சதவிகிதமும் குறைவாக ஏறியது. ஆனால் பின்னர் மூன்று மாத காலம் நடந்து 2019-ல் வெளிவந்த ஒரு பெரிய சோதனையில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. இடுப்புப் பருமன், இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு முதலிய பல கோளாறுகள் ஒருங்கே உடையவர்களிடம் மாத்திரம் சிறிது நன்மை தெரிந்தது. ஆகவே அரிசியை மாற்றுவது நல்ல தொடக்கமேயன்றி, அதுவே மருந்தாகிவிடாது.

சாமைக்கு நேர்ந்த கதி

திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் நடைபெற்று வருகின்றது. ஏறக்குறைய மூன்று மாதத்தில் விளையும் ஏ.டி.எல். 1 என்னும் சாமை ரகம் அங்கிருந்து வெளியிடப்பட்டதாகும். ஐக்கிய நாடுகள் சபை 2023-ம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின்னர், சாமை, தினை, வரகு முதலியவற்றை நகரவாசிகள் விரும்பி வாங்குகின்றனர். இது மலைக் குடியானவர்களுக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தியே.

எனினும் இதில் ஓர் ஏமாற்றம் மறைந்திருக்கின்றது. சாமை மணியின் உமி கெட்டியாகப் பற்றியிருப்பது. முன்பு பெண்கள் உரலிலிட்டு உலக்கையால் மிகவும் சிரமப்பட்டு அதை நீக்கினார்கள். அச்சிரமத்துக்கு அஞ்சியே பலர் சாமையைக் கைவிட்டு ரேஷன் அரிசிக்கு மாறினார்கள் என்றால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இயந்திரம் வந்தபின் அச்சிரமம் நீங்கியது. ஆனால் உமியை நீக்கிய இயந்திரம் அத்துடன் நில்லாமல் தவிட்டையும் நீக்கத் தொடங்கியது. தவிட்டிலுள்ள எண்ணெய், தானியம் உடைபட்ட சில வாரங்களில் சிக்குவாடை கொள்ளும். தவிட்டை நீக்கிவிட்டால் அரிசி கடையில் பல மாதம் கெடாமலிருக்கும், வெண்மையாகவும் தோன்றும், சீக்கிரம் வேகும். இவ்வனுகூலங்களை முன்னிட்டு வியாபாரத்துக்குச் செல்லும் சாமையும் தினையும் வரகும் பெரும்பாலும் தீட்டப்படுகின்றன.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார், சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்தையும் தவிட்டோடும் தவிடு நீக்கியும் சோதித்து, 2024-ல் முடிவை வெளியிட்டனர். தீட்டியவற்றில் புரதம், நார்ப்பொருள், கொழுப்பு, தாது உப்புக்கள் யாவும் குறைந்து, மாப்பொருளின் விகிதம் கூடியிருப்பதாகக் கண்டனர். நெல்லரிசி ஐம்பது அறுபது ஆண்டுகளில் அடைந்த கதியைச் சாமை சில ஆண்டுகளிலேயே அடைந்து வருகின்றது. நோய்க்கு நல்லதென்று நம்பி, அதிக விலை கொடுத்துத் தீட்டிய சாமையை வாங்குபவர் பெயரளவில் மாத்திரமே சாமையை உண்கின்றார்.

தானியம் மாத்திரம் போதாது

2025-ம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி முடிவு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. இந்தியர் பெறும் தேக சக்தியில் சராசரி நூற்றுக்கு 62 பங்கு மாப்பொருளிலிருந்தே கிடைப்பதாக அதில் கணக்கிடப்பட்டுள்ளது. தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்டாலும், மாப்பொருளின் மொத்த அளவு குறையாவிட்டால், நீரிழிவின் அபாயம் குறைவதாகக் காணப்படவில்லை. மாப்பொருளால் வரும் சக்தியில் ஒரு சிறு பங்கை, அதாவது மொத்த சக்தியில் நூற்றுக்கு 5 பங்கை மாத்திரம், பருப்பு, பால் முதலியவற்றின் புரதத்தால் ஈடு செய்தால் அபாயம் குறையும் என்று தெரிகின்றது. தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2024-ல் வெளியிட்ட உணவு விதிகளும், எல்லாத் தானியங்களும் சேர்ந்து சக்தியில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேற்படலாகாது என்று கூறுகின்றன. குன்னூரில் எலிகளைக் கொண்டு அறிந்ததும் ஏறக்குறைய இதுவேயாகும். சோற்றைக் குறைத்து, குழம்பிலுள்ள பருப்பையும் பொரியலையும் கூட்டவேண்டும்.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

நகரவாசி கடையில் கிடைப்பதை வாங்கவேண்டியவர். குடியானவரோ தாம் விளைவித்ததைத் தம் விருப்பப்படி அரைத்துக்கொள்ளக் கூடியவர். அந்த அனுகூலத்தைக் கொண்டு பின்வருவனவற்றைச் செய்யலாம்.

முதலாவது, வீட்டுச் செலவுக்கான நெல்லை மில்லில் கொடுக்கும்போது, உமி நீங்கினால் போதும், அல்லது ஒரு தீட்டே போதும் என்று சொல்லிப் பெறவேண்டும். சிவந்த அல்லது மங்கிய நிறமுள்ள அரிசி மட்டமான அரிசியன்று. சமைப்பதற்கு முன் நன்றாக ஊறவைத்தால் அது மிருதுவாக வேகும். அரிசியைப் பலமுறை கசக்கிக் கழுவுவதையும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதையும் விடவேண்டும்.

இரண்டாவது, நெல்லையும் சாமையையும் உமியோடு சேமித்து வைத்து, ஒரு மாதச் செலவுக்கு வேண்டியதை மாத்திரம் அவ்வப்போது அரைத்துக்கொள்ளவேண்டும். உமியுள்ளவரை தானியம் கெடாது. இவ்வாறு செய்தால் தவிட்டை நீக்கவேண்டிய அவசியமே இராது. சாமை வாங்குபவர்கள் வெளுத்துப் பளபளப்பாயிருப்பதைத் தவிர்த்து, பழுப்பு நிறம் மங்காமலிருப்பதைத் தேர்ந்தெடுத்தல் நலம். குடியானவர்கள் கூட்டாகச் சேர்ந்து சாமை அரைக்கும் இயந்திரம் வைப்பதானால், உமி நீக்குவதோடு நிறுத்தத்தக்க இயந்திரமா என்று பார்த்து வாங்கவேண்டும்.

மூன்றாவது, வீட்டுக்கு வேண்டிய பயறு வகைகளைச் சொந்த நிலத்திலேயே விளைவித்துக்கொள்ளலாம். நெல் வயலின் வரப்பில் உளுந்து ஊன்றலாம். நெல் அறுவடைக்குப் பின் உள்ள ஈரத்தில் உளுந்தோ பச்சைப்பயறோ விதைக்கலாம். மானாவாரியில் சாமைக்கும் மணிலாவுக்கும் இடையிடையே துவரையும் மொச்சையும் போடலாம். இவை நிலத்துக்கும் தழைச்சத்தை அளிப்பவை. வீட்டின் பின்புறம் ஒரு முருங்கை மரமும், கழிவு நீர் பாயுமிடத்தில் ஒரு பாத்தி கீரையும் இருந்தால் கறிக்குக் குறைவிராது.

நான்காவது, பால் கறப்பவர்கள் அனைத்தையும் சங்கத்துக்கு ஊற்றிவிடாமல், வீட்டாருக்கு வேண்டிய பாலையும் மோரையும் நிறுத்திக்கொள்ளவேண்டும். மணிலா விளைவிப்பவர்கள் குழந்தைகளுக்குத் தினம் ஒரு கைப்பிடி வேகவைத்த மணிலாக்கொட்டை கொடுத்தல் நலம்.

ஐந்தாவது, முப்பது வயது கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். இந்நோய் தொடக்கத்தில் வலியோ காய்ச்சலோ காட்டுவதில்லை. காலில் ஆறாத புண்ணோ, கண்ணில் மங்கலோ தோன்றும்போதே பலர் அதை முதன்முதலாக அறிகின்றனர். ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள், உணவைப் பெரிதும் மாற்றுவதற்கு முன் வைத்தியரைக் கலந்துகொள்வது அவசியம். மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மாத்திரம் திடீரென்று குறைத்தால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் உண்டாகக்கூடும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஒரு குடும்பத்தில் உழைக்கும் ஒருவருக்கு இந்நோய் வந்தால், மருந்துக்கு ஆகும் செலவோடு வேலை நாட்களும் நஷ்டமாகின்றன. கால் புண்ணால் படுத்தவர் அறுவடைக் காலத்தில் எழுந்து வருவதில்லை. விதை நல்லதா என்று பார்த்து வாங்குவதிலும், எருவை அளவறிந்து இடுவதிலும் காட்டும் கவனத்தை, களத்திலிருந்து அடுப்புக்குச் செல்லும் தானியத்தின் மீதும் குடியானவர்கள் காட்டவேண்டும். அடுத்த முறை நெல் மூட்டையை மில்லுக்குக் கொண்டுசெல்லும்போது, “தீட்ட வேண்டாம், உமியை மட்டும் எடுங்கள்” என்று சொல்வதிலிருந்து இதைத் தொடங்கலாம்.